நாண் வாங்குவோர் கவனத்திற்கு: டேக்ரான் என்று நம்பி நைலானுக்கு 4,850 ரூபாய் கொடுத்தேன்

மரவில்லுக்கு எந்த நாண் ஏற்றது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நாண் விற்ற கடையிலிருந்து நேற்றிரவு வந்த கடைசிப் பதிலைப் படித்ததிலிருந்து மனம் கொதிக்கிறது. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தருமபுரியில், பென்னாகரம் சாலைப் பக்கம் உள்ள எங்கள் தோப்பில் நானும் என் தம்பி மகனும் வில் பழகுகிறோம். என்னுடையது மூங்கில் முதுகு ஒட்டிய 68 அங்குல மரவில். இழுவிசை 45 பவுண்டு. பழைய நாணில் இழை பிரியத் தொடங்கியதால், வில்வித்தைப் பொருட்களை இணையத்தில் விற்கும் ஒரு கடையில் 14 இழை டேக்ரான் (பாலியெஸ்டர் இழை) நாண்கள் மூன்றும், நானே நாண் முறுக்கிக்கொள்ள ஒரு சுருள் டேக்ரான் நூலும் கேட்டேன். நாண்களுக்கு 2,250, நூலுக்கு 2,600, ஆக 4,850 ரூபாய், முழுவதும் முன்பணம்.

பணம் அனுப்புமுன் தொலைபேசியில் பேசினேன். விற்பவர் எடுத்த எடுப்பில், "சார், உங்க வில்லு நுனிய கொம்பு வெச்சு கெட்டி பண்ணியிருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் டைனீமா (மிக வலுவான பாலியெத்திலீன் இழை) நாண் வேண்டாம், அது நீண்டு கொடுக்காது, அம்பை விடும்போது எழும் அதிர்ச்சி முழுவதும் நுனிப்பள்ளத்தில் இறங்கி மரத்தைப் பிளந்துவிடும், சற்றே நீளும் டேக்ரான்தான் இந்த வில்லுக்குப் பாதுகாப்பு என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. விலை கூடிய பொருளை வேண்டாம் என்று தடுப்பவர் நம்மை ஏமாற்ற மாட்டார் என்று எண்ணினேன். நான் விழுந்த இடம் அதுதான்.

நாண் வந்த அன்று காலை, வில்லின் பிடிக்கும் நாணுக்கும் இடையே 7 அங்குல இடைவெளி இருக்குமாறு முறுக்கேற்றிப் பூட்டினேன். 30 அம்புகள் விட்டதும் நாண் நீண்டு, இடைவெளி 6 அங்குலமாகக் குறைந்தது. மாலைக்குள் 5 அங்குலத்தை நெருங்கியது. புது டேக்ரான் நாணும் முதலில் சற்று நீண்டு, பிறகு ஒரு நிலைக்கு வந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். ஆகையால் கடைக்காரர், "நூறு அம்பு விட்டுப் பாருங்க, செட் ஆகிடும்" என்று சொன்னபோது மறுக்கத் தோன்றவில்லை. தினமும் முறுக்கேற்றினேன், தினமும் அது தளர்ந்தது. ஒருநாள் தூறலில் நனைந்தபோது இன்னும் மோசமாகத் தொங்கியது. இடைவெளி குறைந்த நாண் அறைந்து தம்பி மகனின் முன்கை கன்றிப்போய்விட்டது. பிள்ளை வலியோடு நின்றதைப் பார்த்த பிறகுதான் நிறுத்தினேன்.

ஒகேனக்கல்லில் வலை பின்னும் மாமா ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். நாணின் முனையை விரலால் பிரித்துப் பார்த்து, "இது எங்க வல நூலுப்பா" என்றார். நைலான்!

சந்தேகம் தீர, பழைய நாணிலிருந்தும் புதிய நாணிலிருந்தும் சிறு துண்டுகளை வெட்டி, மெழுகு போகச் சோப்பு வெந்நீரில் கழுவி, உப்பு கரையாமல் அடியில் தங்கும் அளவுக்குக் கரைத்த நீரில், காற்றுக் குமிழ் போகும்படி பிழிந்து போட்டேன். டேக்ரான் என்பது பாலியெஸ்டர். அந்த உப்பு நீரைவிட அடர்த்தியானது, மூழ்க வேண்டும். பழைய நாண் மூழ்கியது. புதியது மிதந்தது, நைலான் அப்படித்தான் மிதக்கும்.

இதைப் படம் எடுத்து அனுப்பியதும் அந்தக் கனிவான குரல் மறைந்துபோயிற்று. முதலில், தருமபுரி வெயிலுக்கு நாண் இளகும் என்றார்கள். பாலியெஸ்டர் உருகுவதற்கு 250 பாகைக்கு மேல் சூடு வேண்டும்; எங்கள் ஊர் வெயில் கொடியதுதான், ஆனால் அவ்வளவு கொடியதல்ல. பிறகு, நான் அதிகமாக முறுக்கிவிட்டேன் என்றார்கள். அதன்பின் இரண்டு நாள், செய்தியைப் பார்த்த அடையாளம் மட்டும் வந்தது, பதில் வரவில்லை. நேற்றிரவு வந்த பதில் இது: திருப்பி அனுப்பும் 7 நாள் கெடு முடிந்துவிட்டது, பயன்படுத்திய பொருளை ஏற்க முடியாது. நூறு அம்பு வரை காத்திருக்கச் சொன்னவர்கள் அவர்களே! பிரிக்காமல் வைத்திருந்த நூல் சுருளையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். சேர்த்து வாங்கியதைப் பிரித்துத் திருப்ப முடியாதாம். சுருளைப் பிரித்தேன். அதுவும் மிதந்தது. 4,850 ரூபாயும் போயிற்று.

நாணைத் தேர்ந்தெடுக்கும் முறையை முழுமையாக எழுத இப்போது பொறுமை இல்லை. அவசரமாகச் சில மட்டும். நுனி கெட்டிப்படுத்தாத மரவில்லுக்கு டைனீமா வேண்டாம். வில்லின் இழுவிசையைப் போல் நான்கு மடங்காவது தாங்கும்படி இழைகள் இருக்கட்டும். நாண் வந்த அன்றே ஒரு துண்டை உப்பு நீரில் போட்டுப் பாருங்கள். டைனீமா என்று விற்றால் வெறும் தண்ணீரிலேயே மிதக்க வேண்டும். முதல் நாளுக்குப் பிறகும் இடைவெளி குறைந்துகொண்டே போனால் அன்றே திருப்பி அனுப்புங்கள், நூறு அம்பு என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள். முழுத் தொகையையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள்.

இன்று காலை 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். 4,850 ரூபாய்க்கான ரசீது, உப்பு நீர்ப் படங்கள், அவர்களுடைய எல்லாப் பதில்களும் என்னிடம் இருக்கின்றன.