பிக்கப்பில் ரெண்டாவது பேட்டரி: விக்ட்ரான் ஓரியன்-டிஆர் ஸ்மார்ட் வாங்கலாமா?

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குப் பனீர், வெண்ணெய், தயிர் ஏற்றிப்போகிற பிக்கப் நம்முடையது. பின்னால் ஒரு 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் இருக்கிறது. வண்டி ஓடுகிறவரை தொல்லையில்லை. மேலே போய்க் கடைகடையாக நிறுத்தி இறக்கும்போதுதான் ஃப்ரிட்ஜ் வண்டி பேட்டரியைக் குடித்துவிட்டு, கிளம்புகிற நேரத்தில் செல்ஃப் எடுக்காமல் நிற்கும். அதனால் ஃப்ரிட்ஜுக்கென்றே ஒரு 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியும், ஓட்டத்திலேயே அதைச் சார்ஜ் பண்ண விக்ட்ரான் ஓரியன்-டிஆர் ஸ்மார்ட் 12/12-30 (12 வோல்ட் வாங்கி 12 வோல்ட் பேட்டரிக்கு 30 ஆம்பியர் கொடுக்கிறது) சார்ஜரும் போட்டோம். சார்ஜர் கொடுத்த காசுக்குத் தகுதியானதுதான், ஆனால் பாதி வேலை ஒயரில் இருக்கிறது. இதைச் சொல்லாமல் ஐந்து ஸ்டார் மட்டும் போட்டுவிட்டுப் போனால் வாங்குகிறவர் திட்டுவார்.

முதலில், சார்ஜருக்குப் பதில் ரெண்டு பேட்டரியையும் தானாக இணைத்துப் பிரிக்கிற ரிலே ஸ்விட்ச் போதாதா என்று எல்லோரும் கேட்பார்கள். ரெண்டாவதும் சாதா ஈய பேட்டரி, என்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குகிற ஆல்டர்னேட்டரும் பழைய மாதிரி எப்போதும் 14 வோல்ட் பக்கம் கொடுக்கிறது என்றால் வோல்டேஜ் பார்த்து இணைக்கிற ரிலேயே போதும், பணத்தை மிச்சம் பிடியுங்கள். லித்தியம் வந்தால் கதை வேறு. அதன் உள் எதிர்ப்பு மிகக் குறைவு என்பதால் காலியாக இருக்கும்போது ஆல்டர்னேட்டர் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டே இருக்கும். வண்டி ஐட்லிங்கில், ஆல்டர்னேட்டர் ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது இப்படி இழுத்தால் காயில் கருகிவிடும். அதைவிட வேடிக்கை, லித்தியம் சும்மா இருக்கும்போதே 13.3 வோல்ட் காட்டும். என்ஜினை அணைத்த பிறகும் ரிலே அதைப் பார்த்து வண்டி இன்னும் ஓடுகிறது என்று நினைத்து ரெண்டு பேட்டரியையும் பிரிக்காமலே வைத்திருக்கும். எதற்காகத் தனி பேட்டரி போட்டோமோ அதுவே வீணாய்ப் போகும்.

ஓரியன் நடுவில் உட்கார்ந்து, உள்ளே வருகிற வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் லித்தியத்துக்குத் தேவையான 14.2, 14.4 மாதிரி அளவில், 30 ஆம்பியருக்கு மேல் போகாமல் கொடுக்கிறது. பொள்ளாச்சி - வால்பாறை சுமார் 65 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவு, லோடோடு ரெண்டு மணி நேரத்துக்குக் குறையாது. அதற்குள் 60 ஆம்பியர்-ஹவர் உள்ளே போய்விடுகிறது. 100 ஆம்பியர்-ஹவர் லித்தியம் என்றால் 1280 வாட்-ஹவர், நம்ம ஃப்ரிட்ஜ் ஓடும்போது 50 வாட் பக்கம், அதுவும் விட்டு விட்டுத்தான் ஓடும். மேலே நாள் முழுக்க நிறுத்தி வைத்தாலும் கவலையில்லை. ஃபோனில் ஆப்பைத் திறந்தால் உள்ளே வருகிற வோல்டேஜ், சார்ஜ் எந்தக் கட்டத்தில் இருக்கிறது எல்லாம் ப்ளூடூத்தில் தெரிகிறது.

இப்போது ஒயர் கதை. பொருத்திக் கொடுத்த ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடைப் பெயர் வேண்டாம், மற்ற வேலையெல்லாம் நன்றாகவே செய்பவர்தான். முன் பேட்டரியிலிருந்து பின்னால் சார்ஜர் வரை ஐந்து மீட்டர், அதற்கு 6 ஸ்கொயர் எம்எம் ஒயர் இழுத்தார். "30 ஆம்பியருக்கு இதே தாராளங்ண்ணா" என்றார். ஒயர் சூடாகாது என்ற அர்த்தத்தில் அவர் சொன்னது சரி, வோல்டேஜ் விழுவதுதான் பிரச்சினை. 30 ஆம்பியர் வெளியே கொடுக்க உள்ளே 35-க்கு மேல் இழுக்கும். அந்த ஒயரில் போகவர 10 மீட்டருக்குக் கணக்குப் போட்டால் ஒரு வோல்ட்டே காணாமல் போகிறது. பேட்டரியில் 14.1 இருக்க, சார்ஜர் முனையில் 13-தான். ஓரியன் 13.1-க்குக் கீழே போனால் என்ஜின் நின்றுவிட்டது என்று முடிவு செய்து சார்ஜை நிறுத்தும். நிறுத்தினதும் ஒயரில் கரண்ட் இல்லை, வோல்டேஜ் பழையபடி ஏறும், கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பிக்கும், மறுபடி நிற்கும். ஆப்பில் பார்த்தால் இதே ஆட்டம். சார்ஜர் கம்ப்ளைன்ட் என்று திருப்பி அனுப்பத் தேவையே இல்லாத விஷயம். 16 ஸ்கொயர் எம்எம் போட்டு, ஒயர் முனையில் மாட்டுகிற லக்கைச் சுத்தியலால் நசுக்காமல் ஹைட்ராலிக் கிரிம்பிங் பண்ணியதும் இழப்பு 0.4 வோல்ட்டுக்கு வந்தது, ஆட்டமும் நின்றது. அப்புறம் ஃப்யூஸ். அவர் சார்ஜர் பக்கத்தில் மட்டும் போட்டிருந்தார். முன் பேட்டரி டெர்மினலை ஒட்டி ஒன்று இல்லாவிட்டால், வழியில் ஒயர் எங்காவது சேஸிஸில் உரசித் தோல் உரிந்தால் தீப்பிடிக்கும், பின்னால் இருக்கிற ஃப்யூஸ் வேடிக்கைதான் பார்க்கும். ரெண்டு பேட்டரி பக்கமும் ஒவ்வொன்று கட்டாயம்.

புது வண்டிகள் சிலவற்றில் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வருகிறது, பேட்டரி நிறைந்ததும் டீசல் மிச்சம் பிடிக்க வோல்டேஜைத் தானாகக் குறைத்துவிடும். இருக்கிறதா என்று தெரிய, ஓட்டத்தில் ஒரு ஆளை மல்டிமீட்டரோடு உட்கார வைத்துப் பாருங்கள். 12.5 மாதிரி இறங்கினால் சார்ஜரை நிறுத்துகிற 13.1 மாதிரி அளவுகளை ஆப்பில் மாற்றவேண்டும், இல்லையென்றால் இக்னிஷன் போட்டால் மட்டும் கரண்ட் வருகிற ஒயர் ஒன்றைச் சார்ஜரின் ரிமோட் முனைக்குக் கொடுத்து, வண்டி ஓடுகிறது என்று அதற்குத் தெரியவைக்கலாம்.

சூடுதான் இந்த மாடலின் பலவீனம். திறன் 87 சதவீதம் என்பதால் முழு லோடில் 50 வாட்டுக்கு மேல் வெறும் சூடாகவே போகிறது, ஃபேனும் கிடையாது. 40 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் கொடுக்கிற அளவு 3 சதவீதம் குறையும் என்று கம்பெனியே சொல்கிறது. அக்னி நட்சத்திரத்தில் மூடின பெட்டிக்குள் 50 டிகிரி என்பது சாதாரணம், அப்போது 30 ஆம்பியர் 21 ஆகிவிடும். பானெட்டுக்குள் வைக்கவே கூடாது. நாங்கள் சீட்டுக்குப் பின்னால், சுற்றி காற்று போக இடம் விட்டு வைத்திருக்கிறோம், தொட்டால் சுடும், ஆனால் வேலை செய்கிறது. என்ஜின் அறையில்தான் இடம் என்றால் ஆஸ்திரேலியாக்காரர்களின் ரெட்ஆர்க் பிசிடிசி மாதிரி முழுக்க சீல் பண்ணினதைப் பாருங்கள், அதில் சோலார் பேனலையும் நேராகக் கொடுக்கலாம், ஓரியனில் அது கிடையாது.

இன்னொரு குறை, கரண்ட்டைக் குறைத்து வைக்க வழியில்லை. சின்ன ஆல்டர்னேட்டர் வண்டிக்கு 20 ஆம்பியர் போதும் என்று நினைத்தாலும் இது 30-தான் கொடுக்கும். அதே கம்பெனியின் ஓரியன் எக்ஸ்எஸ் 50 ஆம்பியர், அதில் கரண்ட்டை நாமே வைக்கலாம், திறனும் 98 சதவீதத்துக்கு மேல், அதனால் சூடும் கம்மி. இன்று வாங்குவதாக இருந்தால் நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன். வண்டியில் நெகட்டிவ் எப்படியும் பாடி எர்த்தான் என்பதால் உள்ளே, வெளியே ரெண்டு பக்க நெகட்டிவையும் தனித்தனியாக வைக்கிற ஐசோலேட்டட் மாடல் தேவையில்லை, நான்-ஐசோலேட்டட் போதும். வாரண்டி 5 வருஷம்.

லாரிக்காரர்களுக்கு ஒன்று. 24 வோல்ட் வண்டியில் ஃபேனுக்கும் பாட்டு செட்டுக்கும் ரெண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கிற பழக்கம் இருக்கிறதே, அந்த ஒரு பேட்டரி எப்போதும் குறைச்சலாகவே இருக்கும், இன்னொன்று ஓவர் சார்ஜ் ஆகித் தண்ணீர் வற்றும், கடைசியில் ரெண்டையும் சேர்த்து மாற்றவேண்டும். இதே ஓரியனில் 24/12 மாடல் 20 ஆம்பியரிலும் 30 ஆம்பியரிலும் வருகிறது, கேபினுக்கு ஒரு தனி 12 வோல்ட் பேட்டரி வைத்து அதை மாட்டிவிடுங்கள். ஒயருக்கும் ஃப்யூஸுக்கும் மேலே சொன்ன கணக்குதான்.