லேப்டாப் மூடியில லைட் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு

லேப்டாப் மூடியில இருக்கிற லோகோ எரியணும்ங்கிறது எனக்கு ரொம்ப நாள் ஆசை. பழைய மேக்புக்ல ஆப்பிள் லோகோ பளிச்சுன்னு எரியும் பாருங்க, அதுதான் மனசுல பதிஞ்சு போச்சு. அதுல லோகோவுக்குன்னு தனி லைட்டே கிடையாது, ஸ்கிரீனோட பேக்லைட் வெளிச்சமே பின்பக்கமா வந்து லோகோவை எரிய வைக்கும், அதனாலதான் நல்ல வெயில்ல பின்னாடி இருந்து வெளிச்சம் அடிச்சா லோகோ வடிவம் ஸ்கிரீன்ல மங்கலா தெரியும். 2015ல வந்த 12 இன்ச் மேக்புக்ல அதைத் தூக்கிட்டாங்க. என் லேப்டாப்ல ஸ்கிரீனுக்குப் பின்பக்கம் வெளிச்சம் கசியவே வழி இல்லை, அதனால எல்இடி தனியா வைக்கணும்னு முடிவு பண்ணேன்.

மொத்தம் ரெண்டு வேலை பண்ணேன். ஒண்ணு அடிப்பக்கம் சுத்தி கலர் ஸ்ட்ரிப், இன்னொண்ணு மூடி லோகோ. ரெண்டுல லோகோ மட்டும்தான் இன்னைக்கு வரைக்கும் நிலைச்சிருக்கு.

ஸ்ட்ரிப் கதையை முதல்ல முடிச்சிடுறேன். டபிள்யூஎஸ்2812பி ஸ்ட்ரிப், 18 எல்இடி, ஒவ்வொண்ணும் தனித்தனியா கலர் மாத்தலாம். பார்க்க அவ்வளவு அழகா இருந்துச்சு, இருட்டுல மேசை மேல கலர் பரவி நிக்கும். ஆனா இதுல ஒரு எல்இடி முழு வெள்ளையில எரிஞ்சா 60 மில்லி ஆம்ப் வரைக்கும் இழுக்கும், 18க்கும் சேர்த்தா ஒரு ஆம்புக்கு மேல போயிடும், யூஎஸ்பி 2 போர்ட்டுக்கு 500 மில்லி ஆம்ப், யூஎஸ்பி 3க்கு 900, அவ்வளவுதான் கணக்கு. அதனால புரோகிராம்லயே பிரைட்னஸைக் குறைச்சு 100 மில்லி ஆம்ப் பக்கம் நிறுத்தி வச்சேன். அதுவே அரை வாட். சாதாரண வேலைக்கு என் லேப்டாப் ஆறரை வாட் சாப்பிடும், பேட்டரி 45 வாட் அவர், கணக்குப் போட்டா கிட்டத்தட்ட அரை மணி நேரம் பேட்டரி போகுது. அதைக்கூட ஏத்துக்கலாம், சூடுதான் ஏத்துக்க முடியல. அடிப்பக்க சூட்டுல ஸ்ட்ரிப்போட பசை இளகி மூலையில பிரிய ஆரம்பிச்சது, பிரிஞ்ச இடத்துல தூசி, முடி எல்லாம் ஒட்டி அசிங்கமா ஆச்சு, ஏழாவது மாசம் அஞ்சாவது எல்இடி செத்தது. இந்த ஸ்ட்ரிப்ல டேட்டா ஒண்ணுல இருந்து அடுத்ததுக்குன்னு கை மாறிப் போகும், அதனால அஞ்சாவது போனதும் அதுக்கப்புறம் இருக்கிற 13ம் கட்டளை கேக்கல. பிரிச்சு எடுத்துட்டேன், திரும்பப் போடுற எண்ணம் இல்லை.

இப்ப லோகோ. இதுலதான் எனக்கு நிஜமான திருப்தி. மூடிக்கும் ஸ்கிரீன் பேனலுக்கும் நடுவுல இருக்கிற இடம் ஒண்ணரை மில்லிமீட்டர் கூட தேறாது. அங்க பருமனா எதையாவது வச்சா பேனல்ல அழுத்தி வெள்ளை வெள்ளையா புள்ளி விழும், அது போகவே போகாது. அதனால ஒரு மில்லிமீட்டர் அக்ரிலிக் துண்டை லோகோ அளவுக்கு வெட்டி, உப்புத்தாள் போட்டு ஒரு பக்கம் நல்லா தேய்ச்சு, ஓரத்துல இருந்து வெளிச்சம் உள்ள போற மாதிரி நாலு குட்டி வெள்ளை எஸ்எம்டி எல்இடி (நீளக் கால் இல்லாத தட்டை வகை) ஒட்டினேன். முதல் தடவை எல்இடியை நேரா லோகோ பின்னாடியே வச்சிருந்தேன், நாலு புள்ளி கண்ணு மாதிரி முறைச்சுப் பார்த்துச்சு, லோகோவே தெரியல. ஓரத்துக்கு மாத்தி, மேல டிரேசிங் பேப்பர் ரெண்டு மடிப்பு வச்சதும் பால் மாதிரி ஒரே சீரா பரவுச்சு பாருங்க, அந்த நிமிஷத்தை இப்ப நினைச்சாலும் சந்தோஷமா இருக்கு.

வெளிச்சம் எவ்வளவு வேணும்ங்கிறதுல நிறைய பேர் தப்பு பண்றாங்க. ஒவ்வொரு எல்இடிக்கும் 1000 ஓம் ரெசிஸ்டர் போட்டேன், 5 வோல்ட்ல எல்இடி 3 வோல்ட் எடுத்துக்கிட்டா மீதி 2 வோல்ட், அப்போ 2 மில்லி ஆம்ப்தான் ஓடும். நாலுக்கும் சேர்த்து 8 மில்லி ஆம்ப், பேட்டரிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ரூம் லைட் எரியுறப்ப மெதுவா தெரியும், இருட்டுல கண்ணைக் குத்தாது, இதுக்கு மேல தேவையே இல்லைங்கிறது என் கருத்து.

வெளிச்சம் வீணாகக் கூடாதுன்னு பின்னாடி அலுமினியத் தாள் ஒட்டினதுதான் பெரிய தப்பு. மூடி முழுக்க நீளமா ஒட்டிட்டேன், மூடி போட்ட அன்னைக்கே பக்கத்து ரூம்ல வைஃபை அறுந்து அறுந்து வந்துச்சு, டிரைவர் மாத்தி, ரவுட்டரை மாத்தி வச்சு ரெண்டு நாள் போச்சு. நிறைய லேப்டாப்ல வைஃபை ஆன்டெனா மூடி மேல் ஓரத்துல கேமரா பக்கத்துலதான் இருக்கும், அது மேல உலோகத் தாள் படிஞ்சா சிக்னல் செத்துடும். பிச்சு எடுத்துட்டு வெள்ளைத் தாள் ஒட்டினேன், சரியாச்சு.

கரண்ட் எங்க இருந்து எடுக்கிறதுன்னா, உள்ள யூஎஸ்பி ஏ போர்ட்டோட முதல் பின்னும் (5 வோல்ட்) நாலாவது பின்னும் (கிரவுண்ட்). தொடுறதுக்கு முன்னாடி பேட்டரி கனெக்டரைக் கழட்டிடணும், சால்டர் பண்ணி முடிச்சு மல்டிமீட்டர்ல ஷார்ட் இல்லைன்னு பார்த்த பிறகுதான் மாட்டணும், நடுவுல ஒரு 100 மில்லி ஆம்ப் பாலிஃபியூஸ் (கரண்ட் அதிகமானா தடுத்துட்டு, அப்புறம் தானே சரியாகுற ஃபியூஸ்) கட்டாயம் போடணும், மதர்போர்டு போறதை விட அந்த ஃபியூஸ் தடுக்கிறது நல்லது. ஸ்கிரீன் பேக்லைட் லைன்ல இருந்து எடுக்கலாம்னு சில பேர் சொல்லுவாங்க, வேண்டவே வேண்டாம், அங்க வோல்டேஜ் 5ஐ விட ரொம்ப அதிகம், பேக்லைட்டை ஓட்டுற டிரைவர் ஐசி (சிப்) போச்சுன்னா ஸ்கிரீனே இருட்டு. பேட்டரி லேசா உப்பியிருக்கிற லேப்டாப்னா இந்த வேலையே தொடங்காதீங்க, முதல்ல பேட்டரியை மாத்துங்க.

இன்னொண்ணு, சில போர்ட்டுக்கு லேப்டாப் தூங்குறப்பவும் கரண்ட் வரும், போன் சார்ஜ் ஏத்துறதுக்காக. முதல் ராத்திரி மூடி வச்ச லேப்டாப்ல லோகோ மட்டும் விடிய விடிய எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பயாஸ்ல (லேப்டாப் ஆன் ஆகுறப்ப போற அடிப்படை செட்டிங்ஸ்) அந்த செட்டிங்கை அணைச்சேன், கூடவே பூட்டு மாட்டுற ஓட்டை சும்மாதானே இருக்குன்னு அதுல ஒரு குட்டி ஸ்லைடு ஸ்விட்ச் வச்சேன். மீட்டிங்ல உக்காரும்போது அணைச்சிடுவேன், எதிர்ல இருக்கிறவங்க கண்ணு அங்கேயே போகுது.

ரெண்டு வருஷத்துல உண்மையா தொல்லை கொடுத்த இடம்னா ஹிஞ்ச், அதாவது மூடி திரும்புற கீல். முதல்ல எனாமல் பூசின ஒத்தைக் கம்பி, 0.2 மில்லிமீட்டர், அதை நேரா இழுத்து விட்டிருந்தேன். நாலாவது மாசம் மூடியைக் கொஞ்சம் சாய்ச்சா லோகோ எரியும், இன்னும் சாய்ச்சா அணையும், திரும்ப நிமித்தினா மினுக் மினுக்குன்னு துடிக்கும். பிரிச்சுப் பார்த்தா ஹிஞ்ச் கிட்ட கம்பி மடிஞ்சு மடிஞ்சு உள்ளுக்குள்ள முறிஞ்சிருக்கு, மேல் பூச்சு மட்டும் பிடிச்சுக்கிட்டு நிக்குது. அப்பதான் கம்பெனி போட்ட டிஸ்ப்ளே கேபிளை உத்துப் பார்த்தேன், அது ஹிஞ்ச்சை ஒரு சுத்து சுத்தி, தளர்வா விட்டிருக்கு, அதனால மடங்காம முறுக்கி மட்டும் திரும்புது. நானும் 30 கேஜ் சிலிக்கான் வயர், பல இழை உள்ளது, அதே வழியில ஒரு சுத்து விட்டு, ரெண்டு பக்கமும் கேப்டான் டேப்ல (சூடு தாங்குற டேப்) ஒட்டினேன். 20 மாசம் ஆச்சு, தினமும் பத்து தடவையாவது திறந்து மூடுறேன், ஒரு தடவை கூட மினுக்கல.

போன வருஷம் ஸ்கிரீன் பேனல் மாத்த வேண்டி வந்துச்சு, அப்ப வயரை வெட்டித்தான் மூடியைப் பிரிக்க முடிஞ்சது, அதனால நடுவுல ஒரு ரெண்டு பின் கனெக்டர் வச்சிட்டேன், இதை முதல் நாளே வச்சிருக்கணும்.

இப்போதைக்கு இடது ஓரத்து எல்இடி மத்ததை விட ஒரு பொட்டு மங்கல், நான் சொன்னாத்தான் மத்தவங்களுக்குத் தெரியும். அடுத்து தெர்மல் பேஸ்ட் மாத்தப் பிரிக்கிறப்ப நாலையும் இளமஞ்சள் வெள்ளைக்கு மாத்தப் போறேன், ராத்திரி வேலைக்கு இந்த நீல வெள்ளையை விட அது கண்ணுக்கு இதமா இருக்கும்.