ஃபேசர் ரெசின் கிட் வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக் கதைத் தொலைக்காட்சி வரிசையின் முதல் தொடரில் வரும் ஃபேசர் என்ற கதிர் ஆயுதத்தை என் கையாலேயே செய்து முடிக்க வேண்டும் என்பது எனக்குப் பல வருட ஆசை. அதற்காக வாங்கிய ரெசின் கிட் (அச்சில் ரெசின் ஊற்றி எடுத்த துண்டுகளை நாமே சேர்த்துப் பெயிண்ட் அடித்துக்கொள்வது) இப்போது ஒன்றோடொன்று சேராத துண்டுகளாக மேசையில் கிடக்கிறது. விற்றவர் என்னை பிளாக் செய்துவிட்டார். ஆனால் அதே படங்களை வைத்து இன்னும் ஆர்டர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அதனால்தான் இந்தப் பதிவு. நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பொருளைப் பற்றித் தெரியாதவர்களுக்கு முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் நஷ்டம் புரியாது. 1966-ல் ஒளிபரப்பு தொடங்கி 1969-ல் முடிந்த அந்தத் தொடரில் ஃபேசர் இரண்டு வகை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்னது முதல் வகை. கைப்பிடி வைத்து, துப்பாக்கி போலப் பிடிப்பது இரண்டாம் வகை. இந்த இரண்டும் தனித்தனிப் பொருள்கள் இல்லை. சின்ன ஃபேசர் பெரியதன் முதுகில் போய் உட்கார்ந்துகொள்ளும். கழற்றிக் கையில் எடுத்தால் அதுவே ஒரு முழு ஆயுதம், திரும்பப் பொருத்தினால் பெரியதன் ஒரு பாகம். இவற்றைச் செய்துகொடுத்தவர் வா சாங் என்ற சிற்பக் கலைஞர். அதே தொடரின் கம்யூனிகேட்டரும் (கையில் வைத்துப் பேசும் கருவி) ட்ரைகார்டரும் (ஆய்வுக் கருவி) அவர் கைவேலைதான். தொடரில் அவர் பெயரை ஒரு இடத்திலும் போடவில்லை என்பது எனக்கு இன்றும் மனக்குறை.

ஆக, இந்த ஃபேசரைச் செய்ய உட்காரும் எவருக்கும் உயிர்நாடி அந்த ஒரு பொருத்தம்தான். பெயிண்ட் முன்னே பின்னே இருக்கலாம், பழகப் பழகச் சரியாகிவிடும். சின்னது பெரியதில் ‘க்ளிக்’ என்று உட்காரவில்லை என்றால் அது ஃபேசரே இல்லை.

நான் பார்த்த விளம்பரத்தில் அந்தப் பொருத்தத்தைக் காட்டும் படங்கள் அவ்வளவு அழகாக இருந்தன. சாம்பல் நிறத் துணிமேல் சின்னது தனியாக, பெரியது தனியாக, பிறகு இரண்டும் சேர்ந்து. ‘அசல் அளவு, திரையில் பார்த்தது அப்படியே, நானே செதுக்கிய மாஸ்டரிலிருந்து எடுத்த வார்ப்பு’ என்று எழுதியிருந்தார். (மாஸ்டர் என்றால் அச்சு எடுப்பதற்கான மூல உரு.) நானும் நாலு கேள்வி கேட்டேன். எல்லாவற்றுக்கும் உடனே, பொறுமையாகப் பதில் வந்தது. படப்பிடிப்பில் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுவதற்கு அசையும் பாகங்களோடு சில, தூரத்தில் காட்ட வேலைப்பாடு குறைவாகச் சில என்று தரம் பிரித்துச் செய்வார்கள் இல்லையா, ‘இது முதல் தரத்தைப் பார்த்துச் செய்தது ப்ரோ’ என்றார். இவ்வளவு விஷயம் தெரிந்தவர் ஏமாற்ற மாட்டார் என்று நினைத்தேன். விஷயம் தெரிந்திருப்பது வேறு, நேர்மை வேறு என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பாதிப் பணம் முன்னால், மீதி அனுப்பும்போது. அதில் தவறில்லை, கையால் செய்கிற எல்லோரும் அப்படித்தான் கேட்பார்கள். ஆனால் அவர் சொன்ன இன்னொன்றை நான் கவனிக்காமல் விட்டேன். ‘பொருள் வாங்குவதாகப் போடாதீங்க ப்ரோ, நண்பருக்கு அனுப்புற மாதிரி போட்டுடுங்க. கமிஷன் மிச்சமாகும், உங்களுக்கே குறைச்சுத் தர்றேன்.’ போட்டேன். பின்னால் புகார் கொடுக்கப் போனபோதுதான் தெரிந்தது, அப்படி அனுப்பிய பணத்துக்கு வாங்குபவருக்கான பாதுகாப்பு எதுவும் கிடையாது. என் விருப்பத்தில் ஒரு நண்பருக்குப் பணம் கொடுத்ததாகத்தான் கணக்கு. இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும்: விற்பவர் அப்படிக் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஆறு வாரம் என்றது ஐந்தாம் மாதத்தில் வந்தது. தாமதத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெட்டியைத் திறந்ததும் ஒரு புளித்த ரசாயன வாடை. பெரிய ஃபேசரின் உடல்பாகத்தில் ஒரு பக்கம் தொட்டால் விரலில் ஒட்டியது. ரெசின் வார்ப்பு தெரிந்தவர்களுக்கு இது என்னவென்று உடனே புரியும். பாலியூரித்தேன் ரெசினில் இரண்டு திரவங்களைச் சொன்ன அளவில் கலக்க வேண்டும். அளவு தப்பினாலோ, சரியாகக் கலக்காமல் ஊற்றினாலோ அந்த இடம் கெட்டியாகவே ஆகாது. ஒரு வாரம் வெயிலில் வைத்தாலும் ஆகாது. அதன்மேல் பிரைமர் (பெயிண்டுக்கு முந்திய அடிப்பூச்சு) அடித்தால் சுருங்கி உரிந்து வரும். எனக்கும் உரிந்து வந்தது.

சரி, அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிட்டு எபாக்ஸி புட்டி வைத்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, சின்ன ஃபேசரை எடுத்துப் பெரியதன் முதுகில் வைத்தேன். உட்காரவில்லை. முன்பக்கம் இறங்கினால் பின்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. படம் எடுத்து அனுப்பினேன். ‘கையால் செய்த கிட் ப்ரோ, கொஞ்சம் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கணும், எல்லா கிட்டும் இப்படித்தான்’ என்று பதில்.

அந்தப் பேச்சில் பாதி உண்மை இருந்ததால் நம்பிவிட்டேன். கிட் என்றால் தேய்ப்பு வேலை இருக்கத்தான் செய்யும். இரண்டு மாலைப்பொழுது, பெரியதன் முதுகில் சின்னது உட்காரும் பள்ளத்தின் பின்சுவரைத் தேய்த்தேன். (ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. முகக்கவசம் போட்டு, ஈர உப்புத்தாளில்தான் தேய்க்க வேண்டும், அதுவும் கெட்டியாகாத ரெசினாக இருந்தால் கையுறையும் கட்டாயம்.) மேல்தோல் போனதும் உள்ளே குண்டூசித் தலை அளவில் வரிசையாகக் குமிழ்கள். இன்னும் தேய்த்ததும் ஒரு இடத்தில் சுவரே ஓட்டையாகிவிட்டது. ரெசினிலோ அச்சிலோ ஈரம் இருந்தால் அது ரெசினோடு வினை செய்து வாயுவை உண்டாக்கும், வார்ப்பு உள்ளுக்குள் நுரைத்துப் போகும். வெளியே பார்த்தால் வழவழப்பாகவே இருக்கும்.

அதன்பிறகுதான் இந்த வேலையில் பல வருட அனுபவம் உள்ள ஒரு அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, ‘அளந்தியா தம்பி?’ நான் அளக்கவே இல்லை. அவரிடம் வாண்ட் கம்பெனி வெளியிட்ட ஃபேசர் வடிவ டிவி ரிமோட் இருந்தது. படப்பிடிப்புக்காகச் செய்த ஒரு அசல் ஃபேசரை முப்பரிமாண ஸ்கேன் செய்து, அதை வைத்து உருவாக்கியது. அளவு ஒப்பிட நம் போன்றவர்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இதைவிட நல்லது கிடையாது. காலிபரை எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்தோம். என் சின்ன ஃபேசர் கிட்டத்தட்டச் சரி, அரை மில்லிமீட்டர்கூட வித்தியாசம் இல்லை. பெரியதன் பள்ளம் மட்டும் நீளத்தில் 2 மில்லிமீட்டருக்கு மேல் குறைவு.

அண்ணன் சொன்னார், ‘இது ரெண்டும் ஒரு தாய் வயித்துல பொறந்தது இல்ல.’

விஷயம் இதுதான். மாஸ்டரிலிருந்து சிலிக்கோன் அச்சு எடுத்து, அதில் ரெசின் ஊற்றி எடுத்தால் வரும் வார்ப்பு மாஸ்டரைவிட ஒரு துளி சுருங்கியிருக்கும். சில வகை சிலிக்கோன் அச்சுகள் நாள்பட நூற்றில் ஒரு பங்கு வரைகூடச் சுருங்கும், அதற்குமேல் ரெசினும் கொஞ்சம் சுருங்கும். நல்ல கலைஞர்கள் இதைத் தெரிந்து, அதற்கேற்ப மாஸ்டரைச் செய்துகொள்வார்கள். ஆனால் ஒருவர் விற்ற வார்ப்பை வாங்கி, அதையே மாஸ்டராக வைத்து இன்னொருவர் அச்சு எடுத்தால்? அதற்குப் பெயர் ரீகாஸ்ட். அதிலிருந்து மறுபடி ஒரு ரீகாஸ்ட் எடுத்தால் இன்னும் சுருங்கும். 100 மில்லிமீட்டர் நீளத்தில் இரண்டு தலைமுறை தாண்டினால் 2 மில்லிமீட்டர் போவது பெரிய அதிசயம் இல்லை. கூர்மையான விளிம்புகளும் மழுங்கிவிடும். என் கிட்டில் பக்கவாட்டில் உள்ள திருகு குமிழில் இருக்கவேண்டிய வரிகள் தேய்ந்துபோன நாணயம் போல இருந்ததற்குக் காரணம் அதுதான். சின்ன ஃபேசரை ஒருவரிடமிருந்தும், பெரியதை எங்கோ கைமாறி வந்த நகலிலிருந்தும் எடுத்து ஒரே பெட்டியில் போட்டிருக்கிறார். அதை என்ன தேய்த்தாலும் சேராது.

அளவுகளை எழுதி அனுப்பிக் கேட்டேன். ‘1974-ல ஏஎம்டி போட்ட கிட்டும் அசலைவிடச் சின்னதுதான், தெரியுமா?’ என்றார். தெரியும். அது பிளாஸ்டிக் மாடல் கிட். ‘அசல் அளவு, என் சொந்த மாஸ்டர்’ என்று சொல்லி என்னிடம் விற்றவர் இவர். அதைச் சுட்டிக்காட்டியதும் பதில் நின்றது. மறுநாள் பிளாக்.

இதைவிடப் பயப்படவேண்டிய விஷயம் விளக்கு செட். முனையில் எரிவதற்கு ஒரு சிவப்பு எல்இடி, ஒரு லித்தியம் பேட்டரி, யுஎஸ்பியில் சார்ஜ் செய்ய ஒரு வயர் கொடுத்திருந்தார். சிவப்பு எல்இடிக்கு சுமார் 2 வோல்ட் போதும். லித்தியம் செல் முழு சார்ஜில் 4.2 வோல்ட். நடுவில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த ஒரு ரெசிஸ்டராவது இருக்க வேண்டும், இல்லை. எல்இடி சில நொடியில் கருகியது, அது போனால் போகட்டும். பேட்டரிக்குப் பாதுகாப்புச் சர்க்யூட்டும் இல்லை, சார்ஜ் கட்டுப்பாடும் இல்லை, வயரை நேராக செல்லில் பற்றவைத்திருந்தார். யுஎஸ்பியின் 5 வோல்ட் அப்படியே செல்லுக்குப் போகும். நான் சார்ஜ் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததால் பை போல உப்புவதைப் பார்த்து உடனே பிடுங்கினேன். ஃபேசருக்குள் ஒட்டி மூடிவிட்டு இரவு சார்ஜில் விட்டுத் தூங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது. அவரிடம் விளக்கு செட்டோடு வாங்கியவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அந்த பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள். உப்பியிருந்தால் குத்தவோ அழுத்தவோ வேண்டாம். எரியக்கூடிய பொருள்களிலிருந்து தள்ளி வைத்து, பேட்டரிக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

அந்த அழகான படங்கள் யாருடையவை என்பதும் பிறகு தெரிந்தது. படத்தை வைத்துத் தேடியதில் வேறொரு கலைஞரின் பழைய பதிவு கிடைத்தது. பல வருடம் முன்பு தனக்காக அவர் செய்தது, விற்பனைக்கே இல்லை. எழுதிக் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், பாவம், வருத்தம்தான் பட்டார். அந்தச் சின்ன ஃபேசரை மட்டும் ஒரு சிலருக்கு வார்த்துக் கொடுத்தாராம். என் கிட்டில் அளவு சரியாக இருந்த ஒரே துண்டு அவர் அச்சிலிருந்து திருடியதுதான் போலிருக்கிறது. அவருடைய மாதக்கணக்கான செதுக்கல் வேலை இப்படி எவர் பெயரிலோ விற்கிறது.

நான் இப்போது கிட் கேட்கும் எவரிடமும் முதலில் ஒன்றைத்தான் சொல்கிறேன்: இன்றைய தேதியையும் என் பெயரையும் ஒரு தாளில் எழுதி, வார்ப்பின் பக்கத்தில் அந்தத் தாளையும் ஒரு ஸ்கேலையும் வைத்துப் படம் அனுப்புங்கள். பெயிண்ட் அடிக்காத வார்ப்பாக இருக்க வேண்டும், பெயிண்ட் எல்லாக் குறையையும் மூடிவிடும். அப்புறம், சின்னதைப் பெரியதில் வைத்துக் கழற்றும் பத்து நொடி வீடியோ. கையில் பொருள் இருப்பவருக்கு இது இரண்டு நிமிட வேலை. ஒருவர் சந்தோஷமாக உடனே அனுப்பினார், மாஸ்டர் செதுக்கும்போது எடுத்த படங்களையும் சேர்த்து. அவரிடம்தான் பெரிய ஃபேசரின் உடல்பாகம் சொல்லியிருக்கிறேன். சின்னதை அந்தக் கலைஞரின் அனுமதியோடு நானே பிரைமர் அடித்து வைத்திருக்கிறேன்.

ஏமாற்றுபவர் பெயரை மாற்றிக்கொண்டே இருக்கிறார், அதனால் பெயர் சொல்லிப் பயனில்லை. படங்களை வைத்து அடையாளம் காணுங்கள். சாம்பல் நிறத் துணி, இடது மூலையில் துணியின் மடிப்பு, மூன்றாவது படத்தில் கைப்பிடியின் அடியில் அரிசி மணி அளவுக்கு ஒரு கீறல். அந்தக் கீறல், செய்தவர் கைதவறிக் கீழே போட்டபோது விழுந்ததாம், அவரே சொன்னார். அந்தக் கீறலோடு யாராவது ‘புதிய வார்ப்பு, தயாராக இருக்கிறது’ என்று சொன்னால், அது இவர்தான்.