எக்ஸ்-ட்ரெயில், அவுட்லாண்டர், ஹரியர்: திருகோணமலை வீதிகளுக்கு எது தோது?

திருகோணமலையில் உயரமாக நிற்கிற வாகனம் எல்லாம் ஜீப்தான். அந்த ஜீப்புகளில், ஐந்து பேர் நெருக்கமில்லாமல் இருந்து கொழும்பு போய்வரக்கூடிய நடுத்தர அளவில் தேடுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றுக்குள் தடுமாறுகிறார்கள்: நிசான் எக்ஸ்-ட்ரெயில் டி32, மிட்சுபிஷி அவுட்லாண்டர் பி.எச்.இ.வி. (வீட்டு மின்சாரத்தில் சார்ஜ் செய்யக்கூடிய, பெற்றோலிலும் ஓடும் வகை), டொயோட்டா ஹரியர் ஹைபிரிட் (60 வரிசை). ஹொண்டா வெசலையும் சிலர் இதோடு சேர்ப்பார்கள். அது ஒரு படி சிறியது. பின்சீட்டில் மூன்று பெரியவர்களை ஏற்றினால் ஹபரணைக்கு முன்பே முனகல் கேட்கும், விட்டுவிடுவோம்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மறுபடி திறந்தது. அந்த இடைவெளியால் பத்து வயது கடந்த வாகனமும் விலை இறங்க மறுக்கிறது. ஆகவே ஆண்டைப் பார்த்து விலை பேசுவதில் பயனில்லை. வாகனத்தின் அடிப்பாகத்தைப் பார்த்துப் பேச வேண்டும்.

அடி என்றால் இங்கே உப்பு. உப்புவெளி என்று ஊருக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள், வாகனம் வாங்கும்போது மட்டும் அது மறந்துபோகிறது. கடற்கரையோரம் நின்ற வாகனத்தை ஹொயிஸ்ட்டில் ஏற்றாமல் காசு கொடுக்கக் கூடாது. பின் சஸ்பென்ஷன் கைகளின் போல்ட்டுகள், பிரேக் குழாய்கள், சைலன்சர் இணைப்புகள் இவற்றில் மேலோட்டமான துரு இருந்தால் பரவாயில்லை. ஸ்குரூ டிரைவரால் குத்தினால் தகடு தகடாக உதிர்ந்தால் வேண்டாம். முன்னால் ஏ.சி. கண்டென்சரின் மெல்லிய தகடுகளை விரலால் தடவினால் வெள்ளைப் பொடி வருகிறதா என்றும் பாருங்கள். வந்தால் வைகாசி, ஆனி வெயிலில் ஏ.சி. கைவிடும். டிக்கி விரிப்பைத் தூக்கி முகர்ந்தும் பார்க்க வேண்டும். மீன்பெட்டி ஏற்றிய வாகனத்தில் உப்புத்தண்ணீர் விரிப்புக்குக் கீழே இறங்கி வயர் இணைப்புகளைப் பச்சை பிடிக்கச் செய்திருக்கும். எக்ஸ்-ட்ரெயில் ஹைபிரிட்டில் பெரிய பற்றரியே டிக்கித் தளத்துக்குக் கீழேதான் இருக்கிறது என்பதால் அதில் இது சின்ன விஷயமில்லை.

எக்ஸ்-ட்ரெயில்: கியர்பொக்ஸைப் பார்த்து வாங்குங்கள்

2.0 லீற்றர் பெற்றோல் என்ஜின் முறையாகப் பராமரித்தால் தொந்தரவு தராது. பலவீனம் சி.வி.ரி. என்ற, படிகள் இல்லாமல் தானாக மாறும் கியர்பொக்ஸில். அதற்குள் உருக்குப் பட்டியும் இரண்டு கப்பிகளும்தான். பட்டி வழுக்காமல் பிடிப்பது எண்ணெயின் அழுத்தத்தாலும் தன்மையாலும். எண்ணெய் சூட்டில் கெட்டால் பட்டி கப்பியைச் சுரண்டும், உலோகத்தூள் வால்வுகளை அடைக்கும், பிறகு முழுக் கியர்பொக்ஸும் மாற்ற வேண்டியதுதான். "ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை" என்ற பேச்சை நம்பாதீர்கள். நம் வெயிலுக்கு 40,000 கி.மீ.க்கு ஒருமுறை நிசானின் என்.எஸ்.-3 கியர்பொக்ஸ் எண்ணெய் மாற்ற வேண்டும். வேறு எண்ணெய் ஊற்றியிருந்தால் அதுவே பேரத்தை முறிக்கப் போதும்.

சோதிக்க உவர்மலை ஏற்றம் போதும். முதலில் அரை மணிநேரம் ஓடிச் சூடாக்க வேண்டும், குளிர்ந்த கியர்பொக்ஸ் குறையைக் காட்டாது. ஏற்றத்தில் நிறுத்தி மெல்ல எடுங்கள். 20 முதல் 40 கி.மீ. வேகத்துக்குள், அக்சலரேட்டரை இலேசாக மிதிக்கையில் தகரம் அதிர்வதுபோல ஒரு நடுக்கம் வந்தால் பட்டி வழுக்கத் தொடங்கிவிட்டது. பிறகு ரிவர்ஸில் அதே ஏற்றத்தில் ஏற்றுங்கள். என்ஜின் இரைந்தும் வாகனம் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

சொகுசில் இதற்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஜப்பானிய மாதிரிகளில் தண்ணீர் ஊறாத சீட்டுகள் வரும். நிலாவெளியில் குளித்துவிட்டு ஈரத்தோடு ஏறும் பிள்ளைகளுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? 60 லீற்றர் தாங்கி. கொழும்பு போய்வர ஏறக்குறைய 530 கி.மீ., லீற்றருக்கு 10 ஓடினாலும் இடையில் பெற்றோல் அடிக்கத் தேவையில்லை. ஏழு சீட் மாதிரியின் மூன்றாம் வரிசை சிறுவர்களுக்கு மட்டுமே, அம்மாவைப் பின்னால் அனுப்பிவிடாதீர்கள்.

அவுட்லாண்டர்: பற்றரிதான் விலை

முன்னும் பின்னும் ஒவ்வொரு மின்மோட்டார், வழக்கமான கியர்பொக்ஸே கிடையாது. மூன்றிலும் மௌனமாக ஓடுவது இதுதான். ஆரம்ப மாதிரிகளில் 12 கிலோவாட் மணி பற்றரி. 2018இல் வந்த மாற்றத்தில் அது 13.8 ஆனது, என்ஜினும் 2.0இலிருந்து 2.4 லீற்றராகியது. வீட்டில் சார்ஜ் செய்ய வசதி இருந்து, ஓட்டமெல்லாம் உப்புவெளி, டவுன், சீனக்குடா என்றால் பெற்றோல் செட் பக்கம் அபூர்வமாகவே போவீர்கள். வசதி இல்லையென்றால் பாரமான ஒரு பெற்றோல் வாகனத்துக்குக் கூடுதல் காசு கொடுத்ததாகத்தான் முடியும்.

விற்பவர் "பற்றரி புதுசு மாதிரி" என்பார். வாகனத்தின் கணினியை வாசிக்கும் ஓ.பி.டி. கருவியை இணைத்துப் பற்றரியின் கொள்ளளவை வாசியுங்கள். 12 கிலோவாட் மணி பற்றரி புதிதில் 38 ஆம்பியர் மணி. 28 காட்டினால் 74 வீதம்தான் மிச்சம், மின்னோட்டத் தூரமும் அந்த அளவுக்குக் குறையும். இந்த எண்ணை வாசிக்க மறுப்பவரோடு மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

ஹரியர்

2.5 லீற்றர் ஹைபிரிட், மூன்றிலும் மிக மென்மையான சீட், நல்ல ஒலித்தடுப்பு. பெரிய குறை விலைதான். பற்றரி பின்சீட்டுக்குக் கீழே. அதைக் குளிரவைக்கும் காற்றுவாய் சீட்டின் அடியில். கடற்கரை மணலும் தூசும் அதை அடைத்தால் விசிறி பெரிதாக இரையும், அதையும் கவனிக்காவிட்டால் ஹைபிரிட் எச்சரிக்கை விளக்கு எரியும். விரலளவு டோர்ச் அடித்து உள்ளே பார்த்தால் முந்திய சொந்தக்காரரின் பழக்கம் தெரிந்துவிடும்.

பாதுகாப்பு

யூரோ என்.சி.ஏ.பி. மோதல் சோதனையில் அவுட்லாண்டர் 2012இலும் எக்ஸ்-ட்ரெயில் 2014இலும் ஐந்து நட்சத்திரம் பெற்றன. அவை ஐரோப்பிய மாதிரிகள். ஜப்பான் உள்நாட்டு வாகனத்தில் பக்கக் காற்றுப்பை இருக்கிறதா என்பது கிரேட்டை, அதாவது மாதிரியின் தரநிலையைப் பொறுத்தது. சீட்டின் வெளிப்பக்கத்திலும் கதவுத் தூணிலும் எயார்பேக் முத்திரையைத் தேடுங்கள். 60 வரிசை ஹரியர் ஐரோப்பாவில் விற்கப்படாததால் அந்த நட்சத்திரக் கணக்கில் அது இல்லை. 2017 மாற்றத்துக்குப் பிறகு வந்தவற்றில் டொயோட்டாவின் பாதுகாப்புத் தொகுதி எல்லாக் கிரேட்டிலும் உண்டு.

சாவியைப் போட்டதும் எயார்பேக் விளக்கு எரிந்து சில விநாடியில் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், வெடித்த பையை மறைக்க யாரோ பல்பைக் கழற்றியிருக்கலாம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக்கறை இருந்தால் வெள்ளத்தில் நின்றது. முன்கண்ணாடி மாற்றப்பட்டிருந்தால் தானியங்கி பிரேக்கின் கெமரா சரிபார்க்கப்பட்டதா என்று கேளுங்கள். கந்தளாய், ஹபரணைப் பாதையில் இரவில் யானை வரும்; அந்தக் கெமராவுக்கு யானையைத் தெரியாது. அங்கே மங்கிப்போகாத ஹெட்லைட்டும் குறைந்த வேகமும்தான் காவல்.

கணக்கு

கொழும்புப் பயணம் ஒன்றுக்கு எக்ஸ்-ட்ரெயில் 10 கி.மீ. வீதம் 53 லீற்றர் குடிக்கும், ஹரியர் 15 ஓடினால் 35. மிச்சம் 18 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 5,400 ரூபா. மாதம் இரண்டு பயணம் என்றால் 10,800. இரண்டு வாகனத்துக்கும் விலை வித்தியாசம் 30 இலட்சம் என்றால், பெற்றோல் மிச்சத்தால் அதை மீட்க 23 வருடம் போகும். ஹரியரைச் சொகுசுக்காக வாங்குங்கள், மறுவிற்பனைக்காக வாங்குங்கள். பெற்றோல் மிச்சத்துக்காக என்று வீட்டில் சொல்லாதீர்கள். எங்கள் கை போவது எண்ணெய் மாற்றிய பில்லுகளோடு வருகிற பெற்றோல் எக்ஸ்-ட்ரெயிலுக்கு. வீட்டில் சார்ஜ் வசதியும் 33க்கு மேல் ஆம்பியர் மணியும் இருந்தால் மட்டும் அவுட்லாண்டர்.

விலை பேசும்போது நான்கு ரயர், 12 வோல்ட் பற்றரி, கியர்பொக்ஸ் எண்ணெய், ஏ.சி. கண்டென்சர் இவற்றின் செலவை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்திருங்கள். ரயரின் பக்கத்தில் 2319 என்றிருந்தால் 2019இன் 23ஆவது கிழமையில் செய்தது, பூ இருந்தாலும் மாற்ற வேண்டியது. பதிவுப் புத்தகத்தில் முழு உரித்தாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால் முற்பணத்தை விற்பவர் கையில் கொடுக்காமல், கம்பனியிடம் மீதித் தொகையை எழுத்தில் வாங்கி நேரே அங்கேயே கட்டுங்கள். செசி இலக்கத்தை வைத்து ஜப்பானிய ஏலத் தாளை எடுத்தால் ஏலம் விட்ட அன்றைய கிலோமீற்றர் தெரியும். அதில் தரம் குறிக்கும் இடத்தில் ஆர் (R) என்ற எழுத்து இருந்தால் வாகனம் மோதித் திருத்தப்பட்டது. எந்தப் பக்கம் என்று தாளின் படத்திலேயே குறித்திருப்பார்கள்.