பழைய அவுட்போர்டு மோட்டாருக்கு உதிரிபாகம்: எது கிடைக்கிறது, எது தாங்குகிறது

மேல்மூடியில் இருக்கும் பெயரை நம்பி உதிரிபாகம் வாங்காதீர்கள். மூடி வேறொரு மோட்டாருடையதாக இருக்கலாம், ஸ்டிக்கர் பின்னால் ஒட்டியதாக இருக்கலாம். படகில் மாட்டும் பிராக்கெட்டில் உள்ள தகட்டைப் பாருங்கள். மாடல் எண் அதில் இருக்கும். தகடு உப்பில் அரித்துப் போயிருந்தால், ஜான்சன், எவின்ரூட் மோட்டார்கள் பலவற்றில் இன்ஜின் பிளாக்கில் அடித்துப் பொருத்திய வட்டமான உலோக அடைப்பிலும் அதே எண் பொறித்திருக்கும். 1980 முதல் வந்த ஜான்சன், எவின்ரூட் மாடல்களில் ஆண்டு எழுத்துகளில் மறைந்திருக்கிறது. ‘இன்ட்ரோட்யூசஸ்’ (INTRODUCES) என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் ஒன்பது எழுத்துகள் வரிசையாக 1 முதல் 9 வரை, கடைசி எழுத்து 0. ஆக, சி, ஆர் என்று இருந்தால் 1984.

ஜான்சனும் எவின்ரூடும் ஓஎம்சி என்ற ஒரே நிறுவனத்தின் பெயர்கள். 1950-களிலிருந்து உள்ளே பெரும்பாலும் ஒரே பாகங்கள்தான். ஓஎம்சி 2000-இல் திவாலானது, எவின்ரூட் உற்பத்தி 2020-இல் நின்றது. ஆனாலும் பழைய மோட்டார்களில் இவற்றுக்குத்தான் பாகம் எளிதாகக் கிடைக்கிறது. ஒரே காயில் (ஸ்பார்க்குக்கான மின்சுருள்), ஒரே பாயிண்ட் செட் (அதன் மின்சுற்றைத் திறந்து மூடும் முனைகள்) பல ஆண்டுகள், பல குதிரைத்திறன்களில் ஓடியதுதான் காரணம். பழைய மாரினர்களில் சில யமஹா தயாரித்தவை, நிஸான் மோட்டார்கள் டோஹாட்சு தயாரித்தவை. அசல் தயாரிப்பாளர் பெயரில் தேடினால் கதவு திறக்கும். யமஹாவின் பாக எண்ணில் முதல் மூன்று இடம் அந்தப் பாகம் முதலில் வந்த மாடல், நடுவில் உள்ள ஐந்து இலக்கம் பாகத்தின் வகை, கடைசி இரண்டு திருத்தம். நடுவில் 44352 என்றால் அது இம்பெல்லர், அதாவது குளிர்விக்கும் தண்ணீரை ஏற்றும் ரப்பர் இறகுச் சக்கரம். கடைசி இரண்டு இலக்கம் மட்டும் மாறியிருந்தால் பெரும்பாலும் பழையதற்குப் பதிலாக வந்த புதிய எண், தைரியமாக விசாரிக்கலாம்.

விற்காமல் பெட்டியிலேயே கிடந்த பழைய அசல் பாகங்களுக்கு நல்ல மவுசு உண்டு. கியர், ஷாஃப்ட், கனெக்டிங் ராடு, பித்தளை ஜெட் போன்றவற்றுக்கு அது நியாயம். ரப்பருக்குக் கூடாது. நாற்பது வருடம் பெட்டியில் இருந்த இம்பெல்லரும் டயாஃப்ராமும் பயன்படுத்தாமலேயே கெட்டிப்பட்டிருக்கும். உலோகம் பழைய அசல், ரப்பர் புதிய தயாரிப்பு: பல பருவம் ஓடிய மோட்டார்களில் இந்தக் கலவைதான் தாங்குகிறது.

பற்றவைப்புப் பகுதியில் அதிகம் போவது காயில். 1950-களின் ஓஎம்சி காயில்களில் மேல் உறை வெடித்து ஈரம் உள்ளே இறங்கும்; குளிர்ந்திருக்கும்போது ஸ்பார்க் வரும், சூடானதும் நின்றுவிடும். பொதுவான மாற்று எண் 582995. பழைய காயிலை அப்படியே வைத்து பிளக்கை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பது வீண் செலவு. ஃப்ளைவீலைக் கழற்ற அதன் மூன்று துளைகளில் போல்ட் மாட்டும் புல்லரையே பயன்படுத்துங்கள். விளிம்பைக் கவ்வி இழுத்தால் வளையும், கிராங்க் முனையில் சுத்தியலால் அடித்தால் மரை போகும். புதுக் காயிலின் இரும்புக் கால்கள் அது உட்காரும் தட்டில் உள்ள மேடுகளின் விளிம்போடு சரியாக நிற்க வேண்டும். வெளியே துருத்தினால் ஃப்ளைவீல் காந்தத்தில் உரசும்; உள்ளே தள்ளியிருந்தால் ஸ்பார்க் பலவீனப்படும். இந்த வகையில் பாயிண்ட் இடைவெளி 0.020 அங்குலம், அதாவது 0.5 மி.மீ. ஃப்ளைவீல் உட்காரும் கிராங்க் முனையின் கூம்பில் (டேப்பர்) கிரீஸ் தடவக் கூடாது.

பலரும் பணத்தை இழப்பது பேரிங்கிலும் ஆயில் சீலிலும்தான். மோட்டார் கடையில் ‘இனி கிடைக்காது’ என்று சொல்லும் பேரிங் பல நேரம் பொது அளவில் வருவது. முகத்தில் 6203 என்றிருந்தால் 17 × 40 × 12 மி.மீ., 6204 என்றால் 20 × 47 × 14. எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். எண்ணுக்குப் பின்னால் உள்ள சி3 போன்ற குறியையும் சேர்த்துக் கேளுங்கள், அது உள் இடைவெளியைக் குறிக்கிறது. சீலுக்கு ஷாஃப்ட் விட்டம், வெளி விட்டம், அகலம் ஆகிய மூன்று அளவும் போதும், ஆனால் பழைய சீலை அளக்காதீர்கள், ஷாஃப்டையும் சீல் உட்காரும் குழியையும் வெர்னியரால் அளங்கள். கடல்நீரில் ஓடுவதென்றால் உள் ஸ்பிரிங் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்க வேண்டும். சாதாரண ஸ்பிரிங் துருப்பிடித்து அறுந்தால் சீலின் உதடு தளர்ந்து கியர் கேஸில் தண்ணீர் புகும், எண்ணெய் பால் நிறமாகும். ஷாஃப்டில் சீல் ஓடிய இடத்தில் நகம் மாட்டும் அளவு பள்ளம் இருந்தால் எந்தப் புதுச் சீலும் நிற்காது. கிராங்கின் மேல் சீலை யாரும் கவனிப்பதில்லை. அது கசிந்தால் காற்று உள்ளே போய்ப் பெட்ரோல் கலவை மெலியும். டூ ஸ்ட்ரோக் பிஸ்டன் அதில்தான் கருகுகிறது.

இம்பெல்லர் வாங்கும்போது வெளி விட்டம், உயரம், நடுத்துளை, சாவி வகை, இறகுகளின் எண்ணிக்கை எல்லாம் பொருந்த வேண்டும். கூடவே அடித்தட்டையும் உறையையும் பாருங்கள். வரி விழுந்த தட்டில் புது இம்பெல்லர் போட்டாலும் தண்ணீர் சரியாக ஏறாது.

கார்புரேட்டரில் கார்க் மிதவை இருந்தால், எத்தனால் கலந்த பெட்ரோல் அதன் அரக்குப் பூச்சைக் கரைத்துவிடும். கார்க் பெட்ரோலை உறிஞ்சி மூழ்கும், கார்புரேட்டர் வழியும். நன்றாகக் காயவைத்து மெல்லிய சூப்பர் குளூவை இரண்டு பூச்சு கொடுத்தால் பல காலம் ஓடும். தடிமனாகப் பூசினால் எடை கூடி பெட்ரோல் மட்டம் மாறிவிடும்.

பிரிட்டிஷ் சீகல் வைத்திருப்பவர்களுக்குக் கவலை குறைவு. அதன் அமால் கார்புரேட்டருக்கும் வில்லியர்ஸ் மேக்னெட்டோவுக்கும் பழைய பைக் பாகம் விற்பவர்களிடம் சரக்கு இருக்கிறது. அதன் கியர் பெட்டி முழுதாக அடைக்கப்பட்டதல்ல. எஸ்ஏஇ 140 கியர் எண்ணெயில் கொஞ்சம் தண்ணீர் கலப்பது அதற்கு இயல்பு, சீல் தேடி அலைய வேண்டாம்.

பாகத்துக்காகவே இன்னொரு பழைய மோட்டார் வாங்குவதென்றால் முதலில் கியர் கேஸ் எண்ணெயை வடித்துப் பாருங்கள். இன்ஜின் இறுகியிருந்தாலும் பரவாயில்லை, கியர் நன்றாக இருந்தால் அது லாபம். கியருக்கும் கிளட்ச் டாக்குக்கும் (கியரை ஷாஃப்டோடு இணைக்கும் பல் துண்டு) பொது அளவு கிடையாது, லேத்தில் செய்துகொள்ளவும் முடியாது. 1960-களின் எலக்ட்ரிக் ஷிஃப்ட் (மின்சாரத்தால் கியர் மாற்றும்) ஓஎம்சி மோட்டார்களைப் பாகத்துக்குக்கூட யோசித்துத்தான் வாங்க வேண்டும்: ஷிஃப்ட் காயில் போயிருந்தால் மாற்று அரிது, அதற்குரிய டைப் சி எண்ணெய்க்குப் பதில் சாதாரணக் கியர் ஆயில் ஊற்றிய கேஸ்களும் நிறைய. விற்பவர் முன்னிலையில் மல்டிமீட்டர் வைத்து இரண்டு ஷிஃப்ட் ஒயர்களின் மின்தடையையும் அளங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இல்லையென்றால் அந்தக் கியர் கேஸுக்கு விலை பேச வேண்டாம்.