அவதார் உலகங்களில் பத்து ஆண்டுகள்: எதைத் தேர்ந்தெடுத்தேன், ஏன்

எனக்குத் திக்குவாய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கணினித் திரைக்குள் பலர் கூடிப் பழகும் மெய்நிகர் உலகங்களைப் பற்றி நான் சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்துதான் தொடங்குகிறது. 'க'வில் தொடங்கும் சொல் வந்தால் தொண்டை அடைத்துக்கொள்ளும். 'ப' என்றால் உதடுகள் ஒட்டிக்கொள்ளும். தொலைபேசியில் என் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள், இணைப்பு போய்விட்டது என்று நினைத்து எதிர்முனையில் இருப்பவர் வைத்துவிட்டதுண்டு. 2015இல் செகண்ட் லைஃப் என்ற அத்தகைய உலகத்தில் கணக்குத் தொடங்கியபோது நான் தேடியது விளையாட்டை அல்ல. நாலு பேர் நடுவே உட்கார்ந்து பேச ஓர் இடம் வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு ஐஎம்வியு, விஆர்சாட், இப்போது மூடப்பட்டுவிட்ட இன்னொன்று என்று நான்கு உலகங்களில் இருந்து பார்த்துவிட்டேன். புதிதாக வர நினைப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டு கேள்விகள்: எது இலவசம், எதில் காட்சி அழகாக இருக்கிறது? இலவசம் என்றால் எல்லாமே ஓரளவுக்கு இலவசம்தான். அழகு ஒரு வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். அவர்கள் கேட்காத ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்பது என் அனுபவம்: அங்கே மனிதர்கள் பேசுகிறார்களா, எழுதுகிறார்களா?

செகண்ட் லைஃபை லிண்டன் லேப் நிறுவனம் 2003இல் திறந்தது. குரல்வழிப் பேச்சு அதில் 2007இல்தான் சேர்ந்தது. அதற்குள் எழுதிப் பேசும் பழக்கம் அங்கே வேர் பிடித்துவிட்டது, இன்றும் நான் போகிற இடங்களில் பெரும்பாலோர் எழுதித்தான் பேசுகிறார்கள். நீங்கள் எழுதத் தொடங்கியதும் உங்கள் அவதார், அதாவது திரையில் உங்களுக்காக நடமாடும் உருவம், இரண்டு கைகளையும் முன்னால் தூக்கி, கண்ணுக்குத் தெரியாத விசைப்பலகையில் விரல்களை ஓட்டும். விசைகள் தட்டப்படும் ஓசையும் மெல்லக் கேட்கும். எழுதியது சுமார் 20 மீட்டருக்குள் நிற்பவர்களுக்கு மட்டும் தெரியும். கிசுகிசுத்தால் அதில் பாதித் தூரம்தான் போகும், கத்தினால் இன்னும் வெகுதூரம்.

அந்தக் கைகளைப் பற்றி நான் இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் வாரத்தில் ஒரு கடற்கரையில், தீ மூட்டிச் சுற்றி அமர்ந்திருந்த ஆறு பேரோடு போய் உட்கார்ந்தேன். யாரோ என்னிடம் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார்கள். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். வாயில் சிக்கும் சொல் விரலில் சிக்காது என்றாலும், சிக்கிவிடுமோ என்ற பயம் விரலுக்கும் இறங்கியிருந்தது. இரண்டு நிமிடமாவது ஆகியிருக்கும். என் அவதாரின் கைகள் மட்டும் காற்றில் ஓடிக்கொண்டே இருந்தன. ஒருவரும் பேச்சை மாற்றவில்லை. பக்கத்தில் இருந்தவர், "எழுதுங்கள், அவசரமே இல்லை" என்று எழுதினார். ஒரு சொல்லைத் தேடி நான் உள்ளே உழைத்துக்கொண்டிருப்பது வெளியே தெரிந்தது, தெரிந்ததால் காத்திருந்தார்கள். நேரில் அந்த உழைப்பு முகக்கோணலாகத் தெரியும், பார்ப்பவர்கள் கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள் அல்லது என் சொல்லை அவர்களே முடித்துவைப்பார்கள். இங்கே அது வேலை செய்யும் இரண்டு கைகளாக இருந்தது. ஒரு சின்ன அசைவுதான். பத்து ஆண்டுகளில் எந்த உலகமும் எனக்குத் தந்த வசதிகளில் இதற்கு இணையாக ஒன்றைச் சொல்ல என்னால் முடியவில்லை.

செகண்ட் லைஃபின் இன்னொரு பலம், அது அப்படியே இருப்பது. நிலம் என்று ஒன்று இருக்கிறது. ஒரு முழு நிலப்பகுதி 256 மீட்டருக்கு 256 மீட்டர், அதாவது 65,536 சதுர மீட்டர். அதில் ஒரு மூலையை வாடகைக்கு எடுத்து நாற்காலி போட்டால், நீங்கள் கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனாலும் நாற்காலி அங்கேயே கிடக்கும். மறுநாள் வேறொருவர் அதில் உட்கார்ந்திருப்பார். உள்ளே புழங்கும் பணமான லிண்டன் டாலரை அமெரிக்க டாலராக மாற்றிக்கொள்ளலாம் என்பதால், உடை தைத்தும் வீடு கட்டியும் உண்மையாகவே சம்பாதிப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த இடத்துக்கு ஒரு ஊரின் தன்மை வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் நுழைவாயில் கடினமானது. இன்று அங்கே பெரும்பாலோர் அணிவது தனியார் கைவினைஞர்கள் செய்து விற்கும் உடல்களை. தலை ஒருவரிடம், உடல் ஒருவரிடம், தோல் இன்னொருவரிடம் வாங்க வேண்டியிருக்கும், எந்த உடை எந்த உடலுக்குப் பொருந்தும் என்றும் பார்க்க வேண்டும். நான் முதல் மாதத்தில் ஆசைப்பட்டு வாங்கிய மூன்று சட்டைகளில் ஒன்றுகூட என் உடலுக்குப் பொருந்தவில்லை. கடைகளில் டெமோ என்று மாதிரி கொடுப்பார்கள், பெரும்பாலும் இலவசமாகவே. அதை அணிந்து பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். நேரக் குறிப்பும் புதியவர்களைக் குழப்பும். நிகழ்ச்சிகள் எல்லாம் அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி அறிவிக்கப்படும், ஆண்டுக்கு இரண்டு முறை அந்தக் கடிகாரம் ஒரு மணி நேரம் நகரும். அந்த வாரங்களில் என் நண்பர்களில் பாதிப்பேர் தவறான நேரத்துக்கு வந்து நிற்பார்கள். நடக்க, உட்கார, அமைப்புகளை மாற்றக் கற்றுக்கொள்ளத் துணை தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்காக வர்ச்சுவல் அபிலிட்டி என்ற அமைப்பு அங்கே தனித் தீவு வைத்திருக்கிறது. அவர்களின் பாடங்களைத் தேவை இல்லாதவர்களும் ஒருமுறை பார்க்கலாம், அவ்வளவு பொறுமையாகச் செய்திருக்கிறார்கள்.

ஐஎம்வியு பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. 2004 முதல் இருக்கிறது. சின்னச் சின்ன அறைகள், அறைக்குச் சிலர், உடையலங்காரத்துக்குக் கணக்கற்ற பொருட்கள். எழுதிப் பேசலாம், கைபேசியிலேயே ஓடும், பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு நல்லது. எனக்கு அலங்காரத்தில் அவ்வளவு ஈடுபாடு இல்லை என்பதால் மூன்று மாதத்தில் வெளியே வந்துவிட்டேன்.

குரலில் பேசும் உலகத்துக்கு நான் போனது 2018இல். விஆர்சாட் அதற்கு முந்தைய ஆண்டு, 2017 பிப்ரவரியில் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வந்திருந்தது. கண்களை மூடித் தலையில் மாட்டிக்கொள்ளும் விஆர் ஹெட்செட் இருந்தால்தான் நுழைய முடியும் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது தேவையில்லை, சாதாரணக் கணினியில் விசைப்பலகையும் மவுஸும் போதும். இரண்டு ஆண்டுகள் நான் அப்படித்தான் இருந்தேன். ஹெட்செட் வாங்கிய பிறகு ஒரு பெரிய வேறுபாடு தெரிந்தது, அதைக் காட்சியின் அழகு என்று சொல்ல மாட்டேன். எதிரில் இருப்பவர் தலையைச் சாய்ப்பது, தோளைக் குறுக்குவது, கையால் வாயைப் பொத்திச் சிரிப்பது எல்லாம் உண்மையான உடலின் அசைவுகள். ஒரு மாதம் பழகினால் எந்த அவதாரை அணிந்து வந்தாலும் நண்பரை அவருடைய தலையசைவிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே இடங்கள் ஊரைப் போல இருப்பதில்லை. ஒரே இடத்துக்குப் பல பிரதிகள் திறக்கும், கடைசி ஆள் வெளியேறியதும் அந்தப் பிரதி மறைந்துவிடும். யாருக்குத் திறக்கிறோம் என்பதை நாமே தீர்மானிக்கலாம்: எல்லோருக்கும், நண்பர்களுக்கும் அவர்களுடைய நண்பர்களுக்கும், நண்பர்களுக்கு மட்டும், அழைத்தவர்களுக்கு மட்டும். எல்லோருக்கும் திறந்த அறைகளிலேயே சுற்றிவிட்டு, ஒரே கூச்சல் என்று சொல்லி ஒரு வாரத்தில் விலகுபவர்கள் ஏராளம். கூச்சல் உண்மைதான். ஆனால் அங்கே இரண்டு மூன்று பேரைப் பிடித்துக்கொண்டு மூடிய அறைக்குள் போனபின்தான் அந்த உலகம் தொடங்குகிறது. அவதாரின் தலைக்கு மேல் தெரியும் பெயர்ப்பலகையின் நிறங்களையும் கவனியுங்கள்: புதிதாக வந்தவருக்குச் சாம்பல், பிறகு நீலம், பச்சை, ஆரஞ்சு, கடைசியில் ஊதா. நெடுநாள் புழங்கியவர் யார் என்பதை அது சொல்லும், நல்லவர் யார் என்பதைச் சொல்லாது.

விஆர்சாட்டில் எனக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் திறந்த அறையில் என் பெயரைச் சொல்ல முயன்றேன். முதல் எழுத்திலேயே நின்றுவிட்டது. இணையம் அறுந்துவிட்டது என்று ஒருவர் சொன்னார். இன்னொருவருக்குப் புரிந்துவிட்டது, அவர் என் திக்கலை அப்படியே திருப்பிச் செய்து காட்டினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கணினியை அணைத்துவிட்டு ஐந்து மாதம் அந்தப் பக்கம் போகவில்லை. அன்று எனக்குத் தெரியாதது, அவரைத் தடை செய்ய இரண்டு விநாடி போதும் என்பது. தடை செய்தால் அவர் குரலும் உருவமும் நமக்கு மறைந்துவிடும், நாமும் அவருக்கு மறைந்துவிடுவோம். எந்த உலகத்துக்குப் போனாலும் முதல் நாளே, அலங்காரத்துக்கும் முன்பாக, அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தேடி ஒருமுறை அழுத்திப் பழகிவிடுங்கள். பிறர் நெருங்கி வந்து உடலோடு ஒட்டி நிற்பதைத் தடுக்கும் வசதி இருக்கிறதா என்றும் பாருங்கள். மெட்டாவின் ஹரைசன் வேர்ல்ட்ஸ் என்ற உலகத்தில் 2022 பிப்ரவரியில் அவதார்களுக்கு இடையே சுமார் நாலடி இடைவெளி விடும் எல்லை வந்தது. திரையில் பார்க்கும்போது அற்பமாகத் தோன்றும், ஹெட்செட் மாட்டிக்கொண்டு நிற்பவருக்கு அந்த நாலடியின் அருமை தெரியும்.

ஐந்து மாதம் கழித்து விஆர்சாட்டுக்குத் திரும்பியபோது மைக்கை அணைத்துக்கொண்டே போனேன். அங்கே பேசாமலே இருப்பவர்கள் ஒரு தனிக் கூட்டமாகவே இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. தலையாட்டுவார்கள், கையைக் காட்டுவார்கள், காற்றில் பேனாவால் எழுதுவார்கள். சைகை மொழி வகுப்புகள்கூட நடக்கின்றன. கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கருவியால் எல்லா விரல்களையும் மடக்க முடியாது என்பதால், அதற்கேற்பச் சைகைகளைக் கொஞ்சம் மாற்றி வைத்திருக்கிறார்கள். 2022இல் தலைக்கு மேல் எழுத்து காட்டும் வசதியும் வந்தது. ஆகவே குரல் உலகம் என்பதாலேயே உங்களுக்கு அங்கே இடமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்து உலகத்தில் ஓராண்டாவது இருந்து நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பிறகு போனால், விழுந்தாலும் திரும்பிவர ஓர் இடம் இருக்கும்.

அவதாரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் 'அவதாரம்' என்ற சொல்லே உலகம் சுற்றி 'அவதார்' ஆகித் திரும்பி வந்திருக்கிறது. இறங்கி வருதல் என்பதுதான் அதன் பொருள். எதில் இறங்குகிறோமோ அதன் இயல்பு நம்மையும் பிடித்துக்கொள்ளும். நிக் யீயும் ஜெரமி பெய்லன்சனும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், உயரமான அவதார் கிடைத்தவர்கள் பேரத்தில் கூடுதல் உறுதியோடு நடந்துகொண்டார்கள், அழகான அவதார் கிடைத்தவர்கள் பிறரிடம் இன்னும் நெருங்கி நின்று பேசினார்கள். நான் முதல் ஆண்டில் வாட்டசாட்டமான இளைஞனாகத் திரிந்தேன். அந்த உருவத்துக்கு ஏற்றபடி சட்டென்று பதில் சொல்ல வேண்டும் என்ற பதற்றம் கூடவே இருந்தது. இப்போது எட்டு ஆண்டுகளாக நரைத்த தலையும் தடித்த கண்ணாடியுமாக ஒரு முதியவர். மெதுவாகப் பேச அவருக்கு உரிமை இருக்கிறது. அடிக்கடி உருவம் மாற்றுபவர்கள் தப்பானவர்கள் இல்லை, ஆனால் நட்பு வேண்டுமென்றால் ஓர் உருவத்தோடு நெடுநாள் இருங்கள். மற்றவர்கள் உங்களைத் தேடுவது அந்த உருவத்தைக் கொண்டுதான்.

நான்காவது உலகத்தைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. பெயரை விட்டுவிடுகிறேன். வாரம் ஒருமுறை அங்கே பதினான்கு பேர் கூடிப் புத்தகம் படித்தோம். ஒருவர் வாசிப்பார், மற்றவர்கள் கேட்போம், என் முறை வரும்போது பக்கத்தைச் சுருக்கிக் கொடுப்பார்கள். மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு வந்தபோது இன்னும் நாள் இருக்கிறது என்று எல்லோரும் இருந்துவிட்டோம். கடைசி இரவில் கூட்டம் தாங்காமல் சிலரால் உள்ளேயே வர முடியவில்லை. பதினான்கு பேரில் ஒன்பது பேரின் முகவரிதான் என்னிடம் இருக்கிறது. மீதி ஐந்து பேருடைய உண்மைப் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவர்கள் இருக்கிறார்களா, நலமா, ஒன்றும் தெரியாது.

இது அபூர்வமாக நடப்பது என்று எண்ண வேண்டாம். கூகுளின் லைவ்லி 2008 ஜூலையில் வந்து அந்த ஆண்டு முடிவதற்குள் மூடப்பட்டது. தேர் (There) என்ற உலகம் 2010இல் மூடி, 2012இல் மறுபடி திறந்தது. மைக்ரோசாஃப்ட் 2017இல் வாங்கிய ஆல்ட்ஸ்பேஸ்விஆர் 2023 மார்ச் 10 அன்று நின்றுபோனது. ஆகவே ஒரு உலகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது அது எத்தனை ஆண்டு தாக்குப்பிடித்திருக்கிறது, எதிலிருந்து வருமானம் பெறுகிறது என்று பாருங்கள். பிறகு, நம்பிக்கை வந்த நண்பரோடு அந்த உலகத்துக்கு வெளியேயும் ஒரு தொடர்பு வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு முகவரி வேண்டாம், சொந்தப் பெயர் வேண்டாம். அவதார் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் போதும். பணம் கேட்பவரிடம் அதையும் தராதீர்கள்.

இப்போது வார நாட்களில் செகண்ட் லைஃபிலும் ஞாயிற்றுக்கிழமை விஆர்சாட்டிலும் இருக்கிறேன். அந்த ஒன்பது பேரில் ஆறு பேர் ஞாயிறு வாசிப்புக்கு வருகிறார்கள். விஆர்சாட்டில் என் அவதாருக்குத் தட்டச்சு செய்யும் கைகள் கிடையாது. பேச்சு நின்றால் எதிரில் இருப்பவருக்கு வெறும் மௌனம்தான் கேட்கும். அதனால் நாங்களே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். சொல் அடைத்துக்கொண்டால் நான் இடது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கி விரல்களை லேசாக அசைப்பேன். சென்ற வாரம் 'கடல்' என்ற சொல்லுக்கு அந்தக் கை வெகுநேரம் மேலேயே இருந்தது. ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சொல் வந்தது, அடுத்த வரிக்குப் போனேன்.