லண்டன் டு பாரிஸ்: ஃப்ளைட்டா ட்ரெயினா, எது உண்மையில சீக்கிரம்?

லண்டன்ல இருந்து பாரிஸ் போக எவ்ளோ நேரம்னு தேடுனா ஃப்ளைட்டுக்கு 1 மணி 15 நிமிஷம், யூரோஸ்டார் ட்ரெயினுக்கு 2 மணி 20 நிமிஷம்னு காட்டும், அத பாத்துட்டு நெறைய பேர் யோசிக்காம ஃப்ளைட்ட புக் பண்ணிடறாங்க. கொஞ்சம் பொறுங்க.

தூரம் நேர்கோட்டுல 344 கிமீ தான். ட்ரெயின் சுத்திக்கிட்டு 490 கிமீ கிட்ட ஓடுது. ப்ளேன் 800 கிமீ வேகத்துல பறக்கும்னா அரை மணி நேரத்துல போயிடணுமேனு தோணும், ஆனா மேல ஏறி முடிச்ச கொஞ்ச நேரத்துலயே இறங்க ஆரம்பிச்சிடும், மிச்ச நேரமெல்லாம் ரன்வேக்கு உருண்டு போறதுக்கும் வரிசையில நிக்கறதுக்கும் போயிடுது.

இப்போ வீட்டுல இருந்து கணக்கு போடுங்க. சென்ட்ரல் லண்டன்ல இருந்து பிக்காடிலி லைன் மெட்ரோல ஹீத்ரோ ஏர்போர்ட் போக ஒரு மணி நேரம், அங்க ரெண்டு மணி நேரம் முன்னாடி இருக்கணும், அப்புறம் பறக்கற ஒண்ணேகால், பாரிஸோட ஷார்ல் து கோல் ஏர்போர்ட்ல பாஸ்போர்ட் க்யூ பெட்டி எல்லாம் சேர்த்து முக்கால் மணி, அங்கேர்ந்து ஆர்இஆர் பி ட்ரெயின்ல ஊருக்குள்ள வர அரை மணிக்கு மேல, மொத்தம் அஞ்சரை மணி நேரம் ஆயிடுது! ட்ரெயின்னா செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷன் ஊருக்கு நடுவுல இருக்கு, ஒண்ணேகால் மணி நேரம் முன்னாடி போனா போதும், ஃப்ரெஞ்ச் போலீஸே லண்டன்ல வச்சு பாஸ்போர்ட்ட செக் பண்ணிடறாங்க, அதனால பாரிஸ்ல இறங்குனா நேரா வெளிய நடந்துடலாம். வீட்டுல இருந்து மொத்தமா நாலு மணி நேரம் தான்.

டிக்கெட்ல ஒண்ணு கவனிங்க. லண்டன விட பாரிஸ் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னாடி ஓடுது, அதனால காலைல 10க்கு கிளம்புற ட்ரெயின் 1.20க்கு சேரும்னு போட்டிருக்கும், மூணு மணி இருபது நிமிஷமானு பயந்துடாதீங்க.

சாமான் விஷயத்துல எனக்கு ட்ரெயின் தான் உசத்தி. ரெண்டு பெட்டி, ஒரு கைப்பை, தனியா காசு கிடையாது, திரவம் 100 மில்லிக்கு மேல கூடாதுங்கற ரூலும் கிடையாது. ஒரு தடவ ஏர்போர்ட்ல அம்மா போட்டுக் குடுத்த மாங்கா ஊறுகாய கைப்பையில இருந்து எடுத்து குப்பையில போட்டுட்டாங்க, இன்னும் மனசு ஆறல.

இங்கிலாந்துக்கும் ஃப்ரான்ஸுக்கும் நடுவுல இந்த ட்ரெயின் போற டனல் 1994ல தொறந்தது, 50 கிமீ நீளம், அதுல 38 கிமீ கடலுக்கு அடியில. வெளிய 300ல போற ட்ரெயின் உள்ள 160க்கு கொறஞ்சிடும், இருபது நிமிஷம் இருட்டு, அப்புறம் சட்டுனு ஃப்ரான்ஸ் வயல்வெளி, எத்தன தடவ போனாலும் அந்த நிமிஷம் எனக்கு பிடிக்கும்.

ஃப்ளைட் எப்போ சரினா, வீடு ஹீத்ரோ கிட்ட ஹவுன்ஸ்லோ சவுத்தால் பக்கம் இருந்தா, இல்ல சென்னைலேர்ந்து ஹீத்ரோ வந்து ஒரே டிக்கெட்ல மாறுறீங்கனா. கடைசி நேரத்துல ட்ரெயின் டிக்கெட் வெல எகிறிடும், அப்பவும் ஃப்ளைட்ட பாருங்க, ஆனா பெட்டிக்கான காசையும் சேர்த்துப் பாருங்க. லண்டன் விக்டோரியால இருந்து பாரிஸுக்கு பஸ்ஸும் இருக்கு, மலிவு தான், எட்டு ஒம்போது மணி நேரம் உக்காரணும்.

ட்ரெயின் வந்து நிக்கற பாரிஸ் கார் து நோர் ஸ்டேஷன்ல இருந்து பத்து நிமிஷம் நடந்தா லா ஷாப்பல் ஏரியா, ஈழத்தமிழர் கடைங்க வரிசையா இருக்கு, நான் பெட்டியோட நேரா அங்க போய் சாப்டுட்டு தான் ரூமுக்கே போவேன்.